டி.டபிள்யூ.ஐ.: ஆலை மேற்பார்வையாளர் பயிலரங்குகளின் வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ஆலை மேற்பார்வையாளர்களுக்காக நடத்திய பயிலரங்குகளுக்கு 'டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' என்று பெயர். சுருக்கமாக டி.டபிள்யூ.ஐ. 1940 ஆகஸ்டில் தொடங்கிய இத்திட்டம் 1945 செப்டம்பரில் மூடப்பட்டது. ஐந்து ஆண்டுகளே நடந்தாலும், இன்று தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் நடக்கும் பணியிடப் பயிற்சிகள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது. தொழிலாளிக்குப் பயிற்சி தருவதற்கு முன்னால், அவருக்கு வேலை சொல்லிக்கொடுப்பவருக்குப் பயிற்சி தர வேண்டும் என்பதே இதன் அடிப்படை. அதுவரை பெரும்பாலான ஆலைகளில் வேலையில் கெட்டிக்காரர் எவரோ அவரே போர்மேன் ஆக்கப்பட்டார். அவருக்குக் கற்றுக்கொடுக்கத் தெரியுமா என்று கேட்கும் வழக்கம் இல்லை.

முன்னோடிகள்

ஆலைக்குள்ளேயே பள்ளி வைக்கும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. நியூயார்க்கில் அச்சு இயந்திரங்கள் செய்த ஹோ நிறுவனம் 1872இல் தன் தொழிலாளர்களுக்கென ஒரு பள்ளி நடத்தியது. அதன்பின் வெஸ்டிங்ஹவுஸ், ஜெனரல் எலெக்ட்ரிக், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் போன்ற பெரிய நிறுவனங்களும் அந்த வழியில் போயின. இவை பெரும்பாலும் கணக்கும் வரைபடம் படிப்பதும் கற்றுத்தந்த வகுப்பறைகள். உலைக்கும் லேத்துக்கும் பக்கத்தில் நடக்கும் கற்பித்தலை இவை அதிகம் தொடவில்லை.

அதைத் தொட்டவர் சார்லஸ் ஆலன். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொழிற்கல்வி ஆசிரியராக இருந்தவர். முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் கப்பல்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. கப்பல் கட்டும் தளங்களில் ஆட்களைப் பல மடங்கு பெருக்க வேண்டியிருந்தது. புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர் கப்பலையே பார்த்திராதவர்கள். தளத்தில் இருக்கும் அனுபவசாலிகளையே பயிற்சியாளர்களாக்கும் பொறுப்பு ஆலனிடம் வந்தது. தயார்படுத்து, செய்துகாட்டு, செய்யவிடு, சோதித்துப் பார் என்று நான்கு படிகளாக அவர் கற்பித்தலை வகுத்தார். ஜெர்மன் கல்வியாளர் ஹெர்பார்ட்டின் பாடமுறையோடு இதை ஒப்பிடுவார்கள். 1919இல் ஆலன் எழுதிய நூல் இந்த முறையைப் பதிவு செய்தது. போர் முடிந்ததும் கப்பல் தளங்கள் ஓய்ந்தன, ஆலனின் முறையும் பெரும்பாலும் மறக்கப்பட்டது. ஆனால் அதே போர்க்காலத்தில் பயிற்சிப் பணியில் இருந்த இரண்டு பேர் அதை மறக்கவில்லை. ஒருவர் சானிங் டூலி, மற்றவர் வால்டர் டீட்ஸ்.

கண்ணாடி வில்லையும் ஐந்து ஆண்டுகளும்

1940இல் பிரான்ஸ் வீழ்ந்தபின், நேரடியாகப் போரில் இறங்காவிட்டாலும் ஆயுத உற்பத்தியைப் பெருக்கியாக வேண்டும் என்று அமெரிக்கா முடிவு செய்தது. பொருளாதார மந்தத்தால் பத்தாண்டு காலம் ஆலைகள் புதிதாக ஆள் எடுக்காமல் கிடந்தன. வேலை பழகிய தலைமுறை வயதாகிப்போயிருந்தது. தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவின் கீழ் டி.டபிள்யூ.ஐ. தொடங்கப்பட்டு, எண்ணெய் நிறுவனமான சோகோனி வேக்குவத்திலிருந்து டூலி இயக்குநராக வந்தார். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கிலிருந்து டீட்ஸ் துணைக்கு வந்தார். ஏடி அண்டு டி நிறுவனத்தின் மைக் கேனும் யு.எஸ். ஸ்டீலின் வில்லியம் கோனோவரும் சேர்ந்துகொண்டார்கள். நால்வருமே ஆலை மனிதர்கள்.

அவர்கள் கையிலெடுத்த முதல் சிக்கல் கண்ணாடி வில்லை தேய்ப்பவர்களின் பற்றாக்குறை. குண்டுவீச்சுக் குறிகாட்டி, பெரிஸ்கோப், தூரமானி என்று எல்லாவற்றுக்கும் துல்லியமான வில்லைகள் தேவை. அவற்றைத் தேய்த்து மெருகூட்டத் தெரிந்தவர்கள் சில நூறு பேர் உடனே வேண்டும். அந்தத் தொழிலைக் கற்க ஐந்து ஆண்டுகள் ஆகும் என்பதே ஊரறிந்த பேச்சு. டி.டபிள்யூ.ஐ. குழு ஆலைகளுக்குப் போய் அந்த ஐந்து ஆண்டுகளில் என்னதான் நடக்கிறது என்று கவனித்தது. 'வில்லை தேய்ப்பவர்' என்ற ஒரே பெயருக்குள் பல தனி வேலைகள் அடங்கியிருந்தன. அவற்றில் பலவற்றுக்குப் பெரிய கைத்திறன் தேவையில்லை. அவற்றைப் பிரித்து வேறு ஆட்களிடம் கொடுக்கலாம். மீதி இருந்த நுட்பமான சில வேலைகளில் எந்த இடத்தில் கை தடுமாறுகிறது, எந்த இடத்தில் வில்லை கெட்டுப்போகிறது என்பதைப் பட்டியலிட்டு, அந்த இடங்களை அழுத்திச் சொல்லிக்கொடுத்தால் போதும். ஐந்து ஆண்டுப் பயிற்சி சில மாதங்களாகச் சுருங்கியது.

இதில் பழைய கைவினைஞர்களைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் ஐந்து ஆண்டு எடுத்துக்கொண்டது அறிவுக் குறைவால் அல்ல. சொல்லித்தர ஆளின்றிப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டதால். தொழில் ரகசியமாகவும் கைராசியாகவும் பேசப்பட்டவற்றில் பெரும்பகுதி, யாரும் உட்கார்ந்து வார்த்தையாக்கிப் பார்க்காத சில நுணுக்கங்கள்தான். இந்தக் கண்டுபிடிப்பின்மேல்தான் டி.டபிள்யூ.ஐ.யின் கட்டடம் எழுந்தது.

தொடக்கத்தில் இவர்கள் அறிக்கை அனுப்புவதும் கேட்டவர்களுக்கு ஆலோசனை சொல்வதுமாக இருந்தார்கள். அது எடுபடவில்லை. ஆலைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன, ஆலோசகர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. எனவே ஒரே அச்சில் வார்த்த, எங்கும் ஒரேபோல் நடத்தக்கூடிய சிறு பயிலரங்குகளாகத் திட்டத்தை மாற்றினார்கள். 'வேலை கற்பித்தல்' 1941இலும், 'வேலை முறை' 1942இலும், 'வேலை உறவு' 1943இலும் வந்தன. ஆலையின் பயிற்சித் தேவையை ஆராய்ந்து திட்டமிடுபவர்களுக்கான நான்காவது பயிலரங்கு அளவில் சிறியது. 1942 முதல் இத்திட்டம் போர்க்கால மனிதவள ஆணையத்தின் கீழ் இயங்கியது.

பத்துப் பேர், பத்து மணி நேரம்

முதல் மூன்று பயிலரங்குகளில் ஒவ்வொன்றும் மொத்தம் பத்து மணி நேரம். இரண்டு மணி நேர அமர்வுகள் ஐந்து. ஒரு குழுவில் சுமார் பத்து மேற்பார்வையாளர்கள். இந்தப் பத்து என்ற எண் வசதிக்காக வந்ததல்ல. ஒவ்வொருவரும் தன் ஆலையில் தானே செய்யும் ஒரு வேலையைக் கொண்டுவந்து, எல்லார் முன்னிலையிலும் அதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்துக் காட்டியாக வேண்டும். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் ஒருவர் கேட்டுவிட்டு மட்டும் போகும் நிலை வந்துவிடும். கேட்டுவிட்டுப் போக யாருக்கும் இடம் தராத ஏற்பாடு இது.

வேலை கற்பித்தல் பயிலரங்கின் முதல் அமர்வை நடத்துபவர் பையிலிருந்து ஒரு துண்டு இரட்டை மின்கம்பியை எடுப்பார். தொங்குவிளக்கின் ஹோல்டருக்குள் கம்பி போடும் ஒரு முடிச்சு உண்டு. விளக்கின் எடை திருகாணிகளின்மேல் விழாமல் முடிச்சின்மேல் விழுவதற்காக. தீ விபத்துக் காப்பீட்டாளர்கள் அங்கீகரித்த முடிச்சு அது. நடத்துபவர் முதலில் ஒருவரை அழைத்து, கம்பியைக் கையில் தராமலே முடிச்சு போடும் விதத்தை வாயால் மட்டும் விளக்குவார். வலது இழையை வளையமாக்கு, முன்பக்கமாகக் கொண்டுவா, இடது இழையை அதன் கீழே விடு, பின்னால் சுற்றி வளையத்துக்குள் நுழை என்று சொல்லி முடித்துவிட்டுக் கம்பியைக் கொடுப்பார். வந்தவரால் முடியாது. அடுத்தவரை அழைத்து, பேசாமல் செய்து மட்டும் காட்டுவார். அவராலும் முடியாது. எதிரெதிரே நின்றால் வலம் இடமாகத் தெரியும் என்பதுகூட அப்போதுதான் பலருக்கு உறைக்கும். உட்கார்ந்திருக்கும் போர்மேன்கள் எல்லாருமே இந்த இரண்டு வழிகளில்தான் இருபது வருடமாக ஆட்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்து வந்திருப்பார்கள்.

மூன்றாவதாக ஒருவரை அழைத்து நான்கு படி முறையில் நடத்துவார். முதலில் ஆளைப் பதற்றமில்லாமல் இருக்கச் செய்து, வேலை எதற்கு என்று சொல்லி, ஏற்கெனவே அவருக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டு, பக்கத்தில் சரியான பக்கம் பார்த்து நிற்க வைப்பார். பின்னர் ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே செய்துகாட்டி, இடறும் இடங்களை அழுத்திச் சொல்வார். ஒரு தடவையில் எவ்வளவு பிடிபடுமோ அவ்வளவு மட்டும். மூன்றாவது படியில் அவரையே செய்யச் சொல்வார். தவறினால் உடனே திருத்துவார். மறுபடி செய்யும்போது முக்கியமான இடங்களை அவர் வாயாலேயே சொல்ல வைப்பார். ஆளுக்குத் தெரிந்துவிட்டது என்று கற்பிப்பவருக்கு உறுதியாகும் வரை இது தொடரும். நான்காவது படியில் அவரைத் தனியே விட்டு, சந்தேகம் வந்தால் யாரிடம் போகவேண்டும் என்று ஒருவரைக் காட்டிவிட்டு, முதலில் அடிக்கடியும் பிறகு குறைத்தும் வந்து பார்ப்பார். முடிச்சு விழுந்துவிடும்.

இந்தப் பயிலரங்கு கொடுத்த கருவிகளில் மிகப் பெரியது 'வேலைப் பிரிப்புத் தாள்'. இடப்பக்கம் வேலையின் முக்கியமான படிகள், வலப்பக்கம் ஒவ்வொரு படிக்கும் உரிய நுணுக்கங்கள். எதை நுணுக்கமாகக் கொள்வது என்பதற்கு மூன்றே அளவுகோல்கள்: அது தவறினால் வேலை கெடுமா, அது தவறினால் ஆளுக்கு அடிபடுமா, அது தெரிந்தால் வேலை எளிதாகுமா. இந்தத் தாள் தொழிலாளியிடம் கொடுக்கப்படுவதில்லை. கற்பிப்பவர் தன் நினைவை ஒழுங்குபடுத்திக்கொள்ள எழுதிக்கொள்ளும் குறிப்பு. இருபது வருடம் செய்துவரும் வேலைக்கு இந்தத் தாளை எழுத உட்காரும்போதுதான், தன் கை செய்வதில் எவ்வளவை வாய் ஒருபோதும் சொன்னதில்லை என்பது போர்மேனுக்குப் புரியும். கற்றுக்கொள்பவர் தேறவில்லை என்றால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை என்று பொருள். டி.டபிள்யூ.ஐ. இதை ஒரு தத்துவமாகச் சொல்லி விட்டுவிடவில்லை, ஒவ்வொரு மேற்பார்வையாளர் சட்டைப்பையிலும் அட்டையாக வைத்து அனுப்பியது.

வேலை முறைப் பயிலரங்கு செம்பு, பித்தளைத் தகடுகளைச் சேர்த்து ரிவெட் அடிக்கும் ஒரு வேலையை மாதிரியாக வைத்துக்கொண்டது. அந்த வேலையைச் சின்னச் சின்ன அசைவுகளாக எழுதி, ஒவ்வொன்றையும் பார்த்து ஏன், எதற்கு, எங்கே, எப்போது, யார், எப்படி என்று கேட்க வேண்டும். 'ஏன்' முதலில் வருவதில் ஒரு பொருள் இருந்தது. அந்த அசைவு தேவையே இல்லை என்று தெரிந்துவிட்டால், அதை எப்படி நன்றாகச் செய்வது என்று யோசித்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். பிறகு நீக்கு, சேர், வரிசை மாற்று, எளிதாக்கு. புது இயந்திரம் கேட்கக் கூடாது. கையில் இருக்கும் ஆளும் இயந்திரமும் சரக்கும் வைத்தே முறையை மாற்ற வேண்டும். புதிய யோசனைக்கான பெருமை அதைச் சொன்னவருக்கே போய்ச் சேர வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் கில்பிரெத்தின் அசைவு ஆய்வும், 1930களில் ஆலன் மோகன்சன் நடத்திய 'வேலை எளிமையாக்கல்' வகுப்புகளும் இதற்குப் பின்னால் இருந்தன. பொறியாளர்களின் கையில் இருந்த ஓர் ஆயுதம் முதன்முதலாகப் பெரிய அளவில் சூப்பர்வைசர் கைக்கு வந்தது.

வேலை உறவுப் பயிலரங்கு, பணியிட மனித உறவுகள் பற்றி ஹாதோர்ன் ஆலையில் நடந்த ஆய்வுகளின் வழிவந்தது. ஹார்வர்டின் ஃபிரிட்ஸ் ரோத்லிஸ்பெர்கர் போன்றோர் இதில் ஆலோசனை சொன்னார்கள். வேலை எப்படிப் போகிறது என்று ஆளுக்குச் சொல், நன்றாகச் செய்தால் பாராட்டு, அவரைப் பாதிக்கும் மாற்றம் எதையும் முன்கூட்டியே தெரிவி, அவர் திறமையை முழுதாகப் பயன்படுத்து என்று நான்கு அடிப்படைகள். பிரச்சினை வந்தால் விவரம் சேகரி, எடைபோட்டு முடிவெடு, செயல்படு, பலன் கிடைத்ததா என்று பார். பங்கேற்பவர்கள் தங்கள் ஆலையில் உண்மையாகவே எரிந்துகொண்டிருக்கும் ஒரு பிரச்சினையைக் கொண்டுவர வேண்டும். போர் ஆலைகளுக்குப் பெண்கள் லட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்த காலம் அது. அதுவரை ஆண்களை மட்டுமே மேய்த்துப் பழகிய போர்மேன்களுக்கு அடுத்தவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது புதுப் பாடமாக இருந்தது.

பெருக்கமும் முடிவும்

பயிற்சியாளர்களைப் பயிற்றுவிப்பவர்கள், அவர்களிடமிருந்து ஆலைப் பயிற்சியாளர்கள், அவர்களிடமிருந்து மேற்பார்வையாளர்கள், அவர்களிடமிருந்து தொழிலாளர்கள் என்று இத்திட்டம் பெருகியது. ஒவ்வொரு நிலையிலும் பாடம் திரிந்துவிடாமல் இருக்க, நடத்துபவர் பேச வேண்டிய வாக்கியங்கள் முதல் கரும்பலகையில் எழுத வேண்டியவை வரை கையேட்டில் அச்சிட்டிருந்தார்கள். சொந்தச் சரக்கைச் சேர்க்க அனுமதியில்லை. கேட்க இறுக்கமாகத் தோன்றும் இந்த விதிதான் திட்டத்தைக் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும். பேச்சாளரின் சாமர்த்தியத்தை நம்பி நடக்கும் பயிலரங்கு அவர் போனதும் போய்விடும். கையேடு அப்படிப் போகாது. அதே கையேடு பிற்பாடு கடல் கடந்து போய் உயிர் பிழைத்ததும் இந்த இறுக்கத்தால்தான்.

போர் முடிவதற்குள் சுமார் 16,500 ஆலைகளிலும் தொழிற்சங்கங்களிலும் 17 லட்சத்துக்கு மேற்பட்ட சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. அவற்றில் வேலை கற்பித்தல் மட்டும் 10 லட்சத்தைத் தாண்டியது. பயிற்சி நேரம் குறைந்தது, சேதாரம் குறைந்தது, உற்பத்தி கூடியது என்று ஆலைகள் திரும்பத் திரும்ப அறிக்கை கொடுத்தன. அவை ஆலைகள் தாமே எழுதிக் கொடுத்த கணக்குகள் என்பதை நினைவில் வைத்தே படிக்க வேண்டும். ஆனால் பல ஆண்டுகள் கழித்து, நிக்கோலா பியாங்கி, மிக்கேலா ஜார்ச்செல்லி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அந்தக் காலத்துப் பதிவேடுகளை எடுத்து ஆராய்ந்து 2022இல் கட்டுரை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற நிறுவனங்கள் விற்பனையிலும் உற்பத்தித்திறனிலும் பத்தாண்டு வரை முன்னே நின்றன என்றும், நன்மை அவற்றோடு வணிகம் செய்த நிறுவனங்களுக்கும் பரவியது என்றும் அவர்கள் கண்டார்கள்.

1945 செப்டம்பரில் அமெரிக்க அரசு திட்டத்தை மூடியது. படைவீரர்கள் திரும்பி வந்தார்கள், போட்டி நாடுகளின் ஆலைகள் இடிந்து கிடந்தன, செய்ததெல்லாம் விற்றது. அவசரத்துக்கு வந்தது அவசரத்தோடு போகட்டும் என்ற மனநிலை. மேற்பார்வையாளர்கள் ஓய்வு பெறப் பெற, சட்டைப்பை அட்டைகளும் அவர்களோடே போயின.

ஜப்பான்

நேச நாடுகளின் ஆக்கிரமிப்பில் இருந்த ஜப்பானில் நிலைமை நேர்மாறு. ஆலைகள் நாசமாகியிருந்தன, பணவீக்கம், வேலைநிறுத்தங்கள். 1949இல் டாட்ஜ் திட்டம் என்ற கடுமையான சிக்கன நடவடிக்கை வந்தது. ஜப்பானியத் தொழிலாளர் அமைச்சகம் டி.டபிள்யூ.ஐ. கையேடுகளை முன்பே வாங்கி முயன்று பார்த்திருந்தது. கையேடு மட்டும் இருந்தால் போதாது என்று கண்ட ஆக்கிரமிப்பு நிர்வாகம், போர்க்காலத்தில் ஒஹையோவில் இத்திட்டத்தில் பணியாற்றிய லோவல் மெலன் என்பவரின் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்தது. 1951 ஜனவரியில் மெலன் மூன்று சகாக்களோடு வந்திறங்கினார். அவர்கள் ஜப்பானியப் பயிற்சியாளர்களை உருவாக்கினார்கள். அந்தப் பயிற்சியாளர்கள் தங்கள் நாடெங்கும் பரவினார்கள். அமெரிக்கா செய்யாத ஒன்றை ஜப்பான் செய்தது. தொழிலாளர் அமைச்சகம் பயிற்சியாளர்களுக்கு உரிமம் கொடுத்து அந்த உரிமத்தைத் தொடர்ந்து கண்காணித்தது. 1955இல் ஜப்பான் தொழிலகப் பயிற்சிச் சங்கம் தொடங்கி, பாடம் இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது. பின்னர் பாதுகாப்புக்கென ஒரு தனிப் பயிலரங்கையும் அவர்களே சேர்த்தார்கள்.

டொயோட்டா இதைக் கையிலெடுத்தது 1951இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்த நிறுவனம் திவாலாகும் விளிம்பில் இருந்தது. வேலைநிறுத்தம், ஆட்குறைப்பு, சுமார் 2,000 பேர் வெளியேற்றம். நிறுவனர் கீச்சிரோ டொயோடாவே பதவி விலகினார். எஞ்சியிருந்த தொழிலாளர்களை இனி எளிதில் இழக்க முடியாத நிலை. ஒவ்வொருவரிடமிருந்தும் முழுத் திறமையை வளர்த்தெடுக்க வேண்டிய கட்டாயம். வேலை கற்பித்தல் அங்கே ஆழமாக வேர்விட்டது. வேலைப் பிரிப்புத் தாளில் படியும் நுணுக்கமும் இருந்த இடத்தில், நுணுக்கத்துக்கான காரணமும் சேர்ந்துகொண்டது. முதல் தடவை படிகளை மட்டும், இரண்டாம் தடவை நுணுக்கங்களோடு, மூன்றாம் தடவை காரணங்களோடு செய்துகாட்டும் வழக்கம் நிலைபெற்றது. வேலை முறைப் பயிலரங்கு அங்கே 1950களின் நடுவில் ஷிகியோ ஷிங்கோ நடத்திய உற்பத்தி வகுப்புகளுக்கு வழிவிட்டது என்றாலும், 'ஏன்' என்று தொடங்கும் கேள்வி கைசென் என்ற தொடர் மேம்பாட்டுப் பழக்கத்துக்குள் தங்கிவிட்டது.

1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து கலிபோர்னியாவின் ஃபிரிமாண்ட் நகரில் நும்மி என்ற ஆலையைத் தொடங்கின. அதற்கான பயிற்சித் திட்டத்தில் பணியாற்றிய அமெரிக்கர் ஜான் ஷுக். தம் ஜப்பானிய வழிகாட்டி இசாவ் காட்டோ, தாங்கள் பயன்படுத்தும் முறையின் மூலம் இதுதான் என்று பழைய ஆங்கில டி.டபிள்யூ.ஐ. கையேட்டை எடுத்துக் காட்டியதை அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜப்பானிய ரகசியத்தைத் தேடிப் போன அமெரிக்கருக்குக் கிடைத்தது தன் அரசாங்கமே அச்சிட்டு மறந்த புத்தகம்.

இந்தியா, தமிழ்நாடு

இந்திய ஆலைகளில் வேலை சொல்லிக்கொடுப்பது நீண்ட காலம் மேஸ்திரியின் கையில் இருந்தது. பம்பாயில் ஜாபர், சென்னையில் மேஸ்திரி. ஆள் சேர்ப்பதும் அவரே, வேலை பழக்குவதும் அவரே, ஆளை நிறுத்துவதும் அவரே. 1931இல் அறிக்கை தந்த தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷன் இந்த முறையின் லஞ்சத்தையும் தன்னிச்சையையும் கடுமையாகக் குறைகூறி, ஆள் எடுக்கும் அதிகாரத்தை அவர்களிடமிருந்து பிரிக்கச் சொன்னது. அதிகாரம் மெல்ல மெல்லப் பிரிக்கப்பட்டது. ஆனால் மேஸ்திரி செய்துவந்த கற்பித்தலை யார் எப்படிச் செய்வது என்ற கேள்விக்கு அதே அக்கறையோடு விடை தேடப்படவில்லை என்பதுதான் வருத்தம். புதிதாக வந்தவர் ஒரு பழைய ஆளின் பக்கத்தில் 'கையாளாக' நின்று, திட்டு வாங்கிக் கற்றுக்கொள்வது தொடர்ந்தது.

1950களில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நிபுணர்கள் வழியாக டி.டபிள்யூ.ஐ. இந்தியா வந்தது. பம்பாயில் மைய அரசின் தொழிலாளர் அமைச்சகம் இதற்கென ஒரு மையம் நடத்தியது. அது பின்னர் அங்குள்ள மையத் தொழிலாளர் நிறுவனத்தோடு இணைந்தது. 1958இல் தேசிய உற்பத்தித்திறன் குழுவும், அதே ஆண்டில் தொழிலாளர் கல்விக்கான மைய வாரியமும் தோன்றின. 1956இல் கோவையில் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான 'சிட்ரா' நூற்பாலைத் தொழிலாளர்களுக்கும் ஜாபர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் பயிற்சி நடத்தியது. ஸ்பின்னிங் பிரேமில் அறுந்த இழையை எடுத்து முறுக்கி ஒட்டும் பீசிங் வேலையை அசைவு அசைவாகப் பிரித்துச் சொல்லித்தந்தது டி.டபிள்யூ.ஐ.க்கு நெருங்கிய உறவான வேலை.

அடுத்த அலை ஜப்பானிலிருந்து வந்தது. 1980இல் ஹைதராபாத் பெல் ஆலையில் தொழிலாளர்களே கூடித் தரச் சிக்கல்களைப் பேசித் தீர்க்கும் தரவட்டங்கள் இந்தியாவில் முதன்முதலாகத் தொடங்கின. சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது; இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம் அது. அதன்பின் டி.வி.எஸ். மோட்டார், ரானே குழும நிறுவனங்கள் என்று தமிழ்நாட்டு வாகனத் தொழிலுக்கு அந்தப் பரிசு தொடர்ந்து வந்தது. ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போய்த் திரும்பியவர்கள் சென்னையில் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். டோசோகாய் என்ற சங்கத்தின் வழியே பணியிட ஒழுங்குக்கான 5எஸ், கைசென் வகுப்புகள் எடுத்தார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் ஆலைகளில் லைனுக்கு லைன் தொங்கும் 'ஸ்கில் மேட்ரிக்ஸ்' அட்டையை வேலை கற்பித்தல் கையேட்டோடு சேர்த்துப் பார்த்தால் உறவு தெரியும். யாருக்கு, எந்த வேலை, எந்தத் தேதிக்குள் என்று கையேடு வரையச் சொன்ன கால அட்டவணைதான் இன்று நாலாகப் பிரித்த வட்டங்களாகச் சுவரில் நிற்கிறது. வட்டத்தில் கால் பங்கு நிறைந்திருந்தால் பழகிக்கொண்டிருக்கிறார். முழு வட்டமும் நிறைந்தால் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பார். புதிதாக வருபவர்களை லைனில் விடுவதற்கு முன் பழக்கும் 'டோஜோ' அறையும் அதே வழிதான்.

ஆனால் அட்டையும் அறையும் இருந்தால் மட்டும் போதாது. தணிக்கைக்கு வருபவருக்குக் காட்டுவதற்காக வட்டங்களைக் கறுப்பாக்கும் இடங்களில், நான்காவது படி, அதாவது திரும்ப வந்து பார்ப்பது, முதலில் விழுந்துவிடுகிறது. திருப்பூரிலும் சென்னைப் புறநகரிலும் இப்போது ஒடிசா, பிகார், ஜார்க்கண்டிலிருந்து வரும் தொழிலாளர்களுக்குத் தமிழ் பேசும் லைன் சூப்பர்வைசர்கள் வேலை சொல்லிக்கொடுக்கிறார்கள். பொதுமொழி பாதிதான். முடிச்சு போடும் பாடத்தில் சொல்வது மட்டும் போதாது, காட்டுவது மட்டும் போதாது என்று காட்டியதெல்லாம் இங்கே நாள்தோறும் நடக்கிறது. கற்றுக்கொள்பவரையே சொல்ல வைக்கும் மூன்றாவது படி, அவருடைய மொழியில் நாலு நுணுக்கச் சொற்களாவது சூப்பர்வைசருக்குத் தெரிந்தால்தான் நடக்கும். நாள் முழுதும் ஒருவர் பேசும் பவர்பாயிண்ட் வகுப்புகளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவிட்டால் சேதாரமும் விபத்தும் குறையும் என்பதில் ஐயமில்லை.

குறைகளும் மறுவருகையும்

டி.டபிள்யூ.ஐ.மீது வைக்கப்படும் விமர்சனங்களில் கனமானது வேலை உறவு பற்றியது. தொழிலாளியின் குறையை ஒரு தனிமனிதச் சிக்கலாகப் பார்த்து, விவரம் சேகரித்துத் தீர்த்துவிடலாம் என்கிறது அந்தப் பாடம். கூலி குறைவு, வேலை நேரம் அதிகம், சங்கம் அமைக்க அனுமதியில்லை என்பவை சூப்பர்வைசர் தீர்க்கக்கூடிய விவரங்கள் அல்ல. வேலை முறைப் பயிலரங்கில் தொழிலாளி சொன்ன யோசனையால் அவருடைய வேலையே போய்விடும் என்றால் அடுத்த யோசனையை அவர் சொல்லமாட்டார். இந்த இரண்டையும் நிர்வாகம் உறுதியாகப் பார்த்துக்கொண்ட இடத்தில்தான் முழுப் பலன் கிடைத்தது. டொயோட்டாவில் 1950க்குப் பின் வந்த வேலை உத்தரவாதம் இதற்குச் சான்று.

2001 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் இத்திட்டம் மறுபடி உயிர்பெற்றது. ஜப்பானில் சான்யோ நிறுவனத்தில் இதைக் கற்றுத் திரும்பிய பேட்ரிக் கிராப் என்பவரும் ராபர்ட் ரோனாவும் அதை முன்னின்று நடத்தினார்கள். சியாட்டிலின் வர்ஜீனியா மேசன் மருத்துவமனை, கைகழுவும் முறையைச் செவிலியர்களுக்குக் கற்பிக்க வேலைப் பிரிப்புத் தாளைப் பயன்படுத்தியது. கை கழுவத் தெரியாதவர் உண்டா என்று தோன்றும். கட்டை விரல், விரலிடுக்கு, மணிக்கட்டு என்று நுணுக்கங்களை எழுதி, காரணங்களோடு சொல்லி, செய்யவைத்துப் பார்த்தபோதுதான் எவ்வளவு விட்டுப்போயிருந்தது என்று தெரிந்தது. ஆடைத் தொழிலிலும் இந்த வழி தொடர்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சர்வதேச நிதிக் கழகமும் சேர்ந்து 2007இல் தொடங்கிய 'பெட்டர் ஒர்க்' திட்டம் கம்போடியா, வியட்நாம், வங்கதேசம், ஜோர்டான் ஆகிய நாடுகளின் தையல் ஆலைகளில் மேற்பார்வையாளர் பயிலரங்குகளை நடத்துகிறது. தையல் லைனிலிருந்து உயர்ந்து முதன்முறையாக சூப்பர்வைசர் ஆகும் பெண்கள் அவற்றில் கணிசமாகப் பங்கேற்கிறார்கள்.